கஞ்சி கொடுத்த பெண்ணின் பெயர் என்ன? யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வும் பெயரில்லாதவர்களும்

செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து கொச்சிக்கடைக்குப் போவது எங்கள் வீட்டில் நெடுநாளாக இருந்த வழக்கம். அம்மம்மா உயிரோடு இருந்தவரை அது தவறியதில்லை. விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து முடித்ததும் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, காலி வீதியில் பஸ் ஏறுவார். பாடசாலை விடுமுறை என்றால் நானும் கூடப் போவேன். காலிமுகத்திடலைக் கடந்து புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து புனித அந்தோனியார் திருத்தலம் வரை நடப்போம்.

அம்மம்மா சில்லாலையில் பிறந்தவர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர், வன்னி, வவுனியா என்று அலைந்து கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் வந்து நின்றார். ஊரில் காணியும் தோட்டமும் இருந்தவருக்குக் கொழும்பில் கைவந்த தொழில் இடியப்பம். அதோடு பங்கு ஆலயத்தில் பீடத் துணிகளைக் கழுவி, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுக்கும் வேலையையும் தானாகவே எடுத்துக்கொண்டார். அதற்குச் சம்பளம் கிடையாது. கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டுகள் அதைச் செய்தார்.

2014இல் அந்தப் பங்கில் ஒரு ஜூபிலி மலர் வெளியிட்டார்கள். ஊடகக் கற்கை படித்த பிள்ளை என்று தொகுப்பு வேலையை என்னிடம் தந்தார்கள். நானும் உற்சாகமாகச் செய்தேன். பணியாற்றிய குருக்களின் பட்டியல், ஆயர்களின் ஆசிச் செய்திகள், நன்கொடையாளர் பெயர்கள், சபைகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எல்லாம் இருந்தன. அச்சான பிரதியை அம்மம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, சம்பந்தமில்லாததுபோல, யோசப் வாஸ் சுவாமிக்கு யாழ்ப்பாணத்தில் கஞ்சி கொடுத்த பெண்ணின் பெயர் உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தேடித் தருகிறேன் என்றேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் இருந்து வந்தது.

கோவாவில் ஓர் அடிமை முறி

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாலிம் கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கிறிஸ்தோவாம் வாஸ், தாய் மரியா த மிராண்டா. ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். கொங்கணி பேசும், பிராமண வழியில் வந்த கத்தோலிக்கக் குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, மெய்யியலும் இறையியலும் படித்து, 1676இல் குருவாக அபிஷேகம் பெற்றார். குருவான சில நாட்களிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார் என்று அவரது வரலாறுகள் எல்லாம் சொல்கின்றன. கோவாவில் ஏழைகள் வெறுங்காலோடு நடந்தார்கள்; தானும் அப்படியே நடக்கத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு, 1677இல், இன்னொரு காரியம் செய்தார். தன்னை மரியாளின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு முறி எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் காலத்துப் பக்தி மரபில் இது புதுமையல்ல. ஆனால் அந்தக் காலத்துக் கோவாவில் அடிமை என்பது உவமை மட்டுமல்ல. மனிதர்களை விலைக்கு வாங்கி விற்ற நகரம் அது. தானாக விரும்பி அடிமை என்று எழுதிக்கொள்கிறவரும், விலை பேசப்பட்டு அடிமையானவரும் ஒன்றல்ல. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரது வாழ்வை வாசிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அவரது மீதி வாழ்வு முழுவதும் அந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது.

அவர் உயர்ந்த குலத்தவர் என்பது பாதி உண்மை. போர்த்துக்கேய ஆட்சியில் கோவாக் குருக்கள் ஐரோப்பியக் குருக்களுக்குச் சமமாக மதிக்கப்படவில்லை. ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் பெரும்பாலும் அவர்களுக்குச் சாத்தியே இருந்தன. அதனால் உள்ளூர்க் குருக்கள் சிலர் தாமே ஒன்றுகூடி வாழத் தொடங்கினார்கள். வாஸ் 1685இல் அவர்களோடு சேர்ந்தார். கோவாவின் ஒரட்டோரியன் சபை அப்படித்தான் உருவானது. அதன் தலைவர் பொறுப்பு அவரிடமே வந்தது. அதற்கு முன் 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கரையில், மங்களூர்ப் பக்கம், குருக்கள் குறைந்த ஊர்களில் வேலை செய்திருந்தார். மேய்ப்பர் இல்லாத மக்களைப் பற்றிய கவலை அங்கேயே அவருக்குள் ஊன்றிவிட்டது. அப்படியான மக்கள் மிக அதிகமாக இருந்த இடம் இலங்கை.

குருக்கள் இல்லாத முப்பது ஆண்டுகள்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணம் விழுந்தது. போர்த்துக்கேயரோடு கத்தோலிக்கக் குருக்களும் வெளியேற்றப்பட்டார்கள். அதே 1658இல், கத்தோலிக்கக் குருவை மறைத்து வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபைக்குப் போயின. பிள்ளைக்குத் திருமுழுக்கும் திருமணமும் ஒல்லாந்தரின் தோம்பில் பதிந்தால்தான் சட்டத்தின் முன் செல்லுபடியாகும். சொத்துரிமையும் அதைச் சார்ந்தே இருந்தது.

1687இல் வாஸ் வந்து இறங்கும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பிள்ளை பெறும் காலம். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயில்பூசுதல் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை எவற்றால் ஆனது என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தோமோ, அவற்றில் பெரும்பாலானவை இல்லை. இருந்தும் அவர் வந்தபோது இங்கே கத்தோலிக்கர்கள் இருந்தார்கள்.

எப்படி இருந்தார்கள்? தாய்மார் இரவில் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். செபமாலையைக் கூரைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ ஒளித்தார்கள். பகலில் ஒல்லாந்தரின் கோவிலில் பெயரைப் பதிந்துவிட்டு இரவில் தங்கள் செபத்தைச் சொன்னார்கள். சாகக் கிடக்கும் குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தார். இதில் எதையும் ஒரு குருவானவர் செய்யவில்லை. செய்ததெல்லாம் சாதாரண மனிதர்கள். இலங்கையின் அப்போஸ்தலர் என்று யோசப் வாஸைச் சரியாகவே அழைக்கிறோம். ஆனால் அவர் நெருப்பைக் கொண்டுவரவில்லை. சாம்பலுக்குள் இருந்த தணலை ஊதினார். அந்தத் தணலைக் காத்தவர்கள் வேறு ஆட்கள்.

கூலி வேடத்தில் வந்தவர்

1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டு, மலையாளக் கரையோரமாக நடந்தும் கடல் வழியாகவும் தூத்துக்குடியை அடைந்தார். அங்கே அங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் ஒரு துணியோடு கூலியாளாக மாறினார். 1687இல் இலங்கைக்குக் கப்பலேறினார். அவரோடு வந்தவர் ஜோவான் என்ற பணியாள் ஒருவர் மட்டும்.

ஐரோப்பியக் குரு ஒருவரால் அந்தத் துறைமுகத்தில் பத்து நிமிடம்கூட மறைந்திருக்க முடியாது. கோவாவில் எந்த நிறம் அவரை இரண்டாந்தரக் குருவாக்கியதோ, அந்த நிறமே இங்கே அவருக்கு வழிவிட்டது. காவலில் நின்றவனின் கண்ணில் அவர் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத ஒரு கூலி.

பயணத்தில் இருவருக்கும் கடுமையான வயிற்றோட்டம் பிடித்துவிட்டது. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது நிற்கவும் தெம்பில்லை. தொற்று நோய் என்ற பயத்தில் யாரும் வீட்டுக்குள் எடுக்கவில்லை. ஊர்ப்புறத்தில் ஒரு குடிசையில் இருவரும் சாகக் கிடந்தார்கள். அங்கேதான் அந்தப் பெண் வருகிறார். யார், எவர் என்று தெரியாத இரண்டு பிச்சைக்காரர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறார். ஒரு நாள் அல்ல, அவர்கள் எழும்பும்வரை. வந்தவர் குரு என்பதும், பின்னாளில் புனிதர் ஆவார் என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்து கொடுத்திருந்தால் அது காணிக்கை. தெரியாமல் கொடுத்தது கஞ்சி.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் வாஸ் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பிச்சை எடுப்பது அவருக்கு ஒரு சோதனை முறையாகவும் இருந்தது. மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். மாறிய முகங்களில் கத்தோலிக்கர்களைக் கண்டுகொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை பிறந்தபின் தான் யார் என்று சொன்னார்.

அதன்பின் சில்லாலை. கத்தோலிக்கர் உறுதியாக நின்ற அந்தக் கிராமத்தில் தங்கி, இரவுகளில் ஊர் ஊராகப் போய்த் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அவர் பிடிபட்டிருந்தால் அடைக்கலம் கொடுத்த குடும்பமும் அழிந்திருக்கும். ஆனாலும் சில்லாலையில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் அம்மம்மா இதைச் சொல்லும்போது தான் நேரில் நின்று பார்த்ததுபோலவே சொல்வார். ஊருக்குப் பெருமை தர எத்தனையோ விடயங்கள் இருக்க, காட்டிக்கொடுக்காததை ஒரு கிராமம் முன்னூறு ஆண்டுகளாகப் பெருமையாகச் சொல்லி வருகிறது.

1689 நத்தார் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்துப் படையினர் வளைத்துப் பிடித்தார்கள். வாஸ் தப்பிவிட்டார். மக்கள் தப்பவில்லை. தலைவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குக் கசையடியும் கோட்டையில் கட்டாய வேலையும் கிடைத்தன. ஒல்லாந்தரின் மார்க்கத்தை விட்டு வந்திருந்த தொன் பேதுரு என்பவர் அடிபட்டே இறந்தார். குருவைத் தேடி வந்தவர்களின் கையில் சிக்கி, குருவுக்காக விலை கொடுத்தவர்கள் குடும்பஸ்தர்கள்.

சிறை, அம்மை, காடு

1690இல் புத்தளம் போனார். ஒல்லாந்தரின் கைக்கு எட்டாத இடம் கண்டி இராச்சியம் மட்டுமே. கத்தோலிக்க வணிகர் ஒருவரின் உதவியோடு 1692இல் கண்டிக்குப் போனார். ஆனால் அரசவையில் இருந்த லனரோல் என்ற பிரெஞ்சுக் கல்வினியர், இவர் போர்த்துக்கேய உளவாளி என்று அரசனுக்குச் சொல்லிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் வைத்தான். உடன்வந்த பொதுநிலையினர் இருவரும் அவரோடு சிறைப்பட்டார்கள். சிறையிலேயே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது அங்கேயே ஒரு குடிசைக் கோவிலைக் கட்டினார். பெரும் வரட்சி ஒன்றில் அவர் செபித்தபின் மழை பெய்ததாகவும், அதன்பின் அரசனின் தயவு கிடைத்ததாகவும் மரபு சொல்கிறது. மழையைப் பற்றி அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் பௌத்த அரசன் ஒருவன் கத்தோலிக்கக் குருவுக்குப் பாதுகாப்புக் கொடுத்தான் என்பதும், இன்னொரு கிறிஸ்தவ ஆட்சி அதே குருவைத் தேடி அலைந்தது என்பதும் வரலாறு. இனத்தையும் மதத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

பத்து ஆண்டுகள் அளவில் நாடு முழுவதற்கும் அவர் ஒரே குருவாக இருந்தார். பின்னர் கோவாவிலிருந்து துணைக்குக் குருக்கள் வந்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரை விட்டு விலகினார்கள். நோய் கண்டவர்களைக் காட்டில் விட்டுவிட்டு உறவினர்கள் ஓடினார்கள். அது கல்நெஞ்சம் அல்ல, அந்தக் காலத்தின் பயம். வாஸும் அவரது மருமகனான யோசப் த கர்வாலோ என்ற குருவும் காட்டுக்குள் போனார்கள். கொட்டில்கள் போட்டார்கள், புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். மதம் கேட்கவில்லை.

இந்தப் பகுதியை வாசித்தபோதுதான் யாழ்ப்பாணத்துக் குடிசை எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. தொற்று நோய் என்று எல்லோரும் ஒதுங்க, ஒருத்தி மட்டும் கஞ்சியோடு வந்தாள். பத்து ஆண்டுகளின் பின் அதையே அவர் கண்டிக் காட்டில் செய்கிறார். குருமடத்தில் அவர் இறையியல் படித்தார் என்று வரலாறுகள் எழுதுகின்றன. யாழ்ப்பாணத்தில் அவர் படித்ததையும் அதோடு சேர்த்து எழுதியிருக்கலாம்.

கொட்டாஞ்சேனையில் இரண்டு கோவில்கள்

கண்டியிலிருந்து ஒல்லாந்தரின் பிரதேசங்களுக்கும் அவர் இரகசியமாக வந்து போனார். கொழும்புக்கும் வந்தார். ஒல்லாந்து ஆளுநர் இருந்த இந்த நகரத்தில், இரவில் வீடுகளுக்குள் திருப்பலி நடந்தது. கதவைத் திறந்துவிட்டவர்களில் தச்சர்களும் மீனவர்களும் வீட்டு வேலையாட்களும் இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது தவறாகாது. அடிமைகளை ஒல்லாந்தர் அடைத்து வைத்த இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்ற பெயர்தான் இருந்தது, தமிழில் கொம்பனித்தெரு. எங்கள் செவ்வாய்க்கிழமை பஸ் அதன் ஓரமாகத்தான் போகும்.

வாஸ் விட்டுச் சென்ற பெரிய வேலை, அவர் கட்டிய கோவில்கள் அல்ல. குரு ஆண்டுக்கு ஒரு முறை வருவதே அரிதாக இருந்த ஊர்களில் அவர் மூப்பர், அண்ணாவி என்ற பொறுப்புகளைப் பொதுநிலையினரிடம் கொடுத்து உறுதிப்படுத்தினார். மூப்பர் ஆலயத்தையும் மக்களையும் பார்த்துக்கொள்வார். அண்ணாவி பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார், ஞாயிறு செபத்தை நடத்துவார், ஆபத்தில் திருமுழுக்குக் கொடுப்பார், சாகிறவரின் பக்கத்தில் இருந்து செபம் சொல்வார். இன்று அண்ணாவியார் என்றால் நமக்கு நாட்டுக்கூத்துப் பழக்குபவர்தான் ஞாபகம் வருகிறார். அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் ஒரு திருச்சபையே தங்கியிருந்தது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், புனிதத்துக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவிகளுக்கும் மட்டுமல்ல, திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் உரியது என்று கற்பித்தது. அதைப் பெரிய புதுமையாக வகுப்பில் சொல்லித் தந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் அதைக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து பார்த்துவிட்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் உடலைப் பற்றிப் பேசுவார்: பலவீனமாகத் தெரியும் உறுப்புகளே இன்றியமையாதவை என்பது அதன் சாரம். ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் அது உபதேசமாக அல்ல, நிலவரமாகவே இருந்தது. தலை வெட்டப்பட்டபின் கையும் காலும் முப்பது ஆண்டுகள் உடலை உயிரோடு வைத்திருந்தன.

கொட்டாஞ்சேனைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1749இல் தொடங்கி 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம் அங்கே மேட்டில் நிற்கிறது. தடித்த சுவர்கள். உள்ளே தரையில் ஆளுநர்களின் கல்லறைக் கற்கள், குலச் சின்னங்களோடும் பெயர்களோடும் செதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. கொஞ்சத் தூரத்தில் புனித லூசியாள் பேராலயம். ஒல்லாந்தர் காலத்தில் மண்சுவரும் ஓலையுமாக எழுந்த ஒரு சின்னக் கோவிலிலிருந்து வளர்ந்தது அது. கடல் பக்கம் போனால் கொச்சிக்கடை. அங்கும் ஒல்லாந்தர் காலத்தில் வணிகர் வேடத்தில் ஒளிந்திருந்த அந்தோனியோ என்ற குருவையும், அவரிடம் உதவி கேட்டு வந்த மீனவர்களையும் பற்றித்தான் தலவரலாறு தொடங்குகிறது. கத்தோலிக்கர் மீதான தடைகள் பிரித்தானியர் காலத்தில், 1806இல் நீங்கின. அதுவரை இந்த மண்ணில் மறைந்து வாழ்ந்தவர்கள் யாருக்கும் செதுக்கிய கல் இல்லை.

வாஸுக்கும் இல்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி, 59 வயதில், கண்டியில் இறந்தார். இலங்கையில் கழித்த 24 ஆண்டுகளில் ஒரு தடவையும் கோவாவுக்குத் திரும்பவில்லை. ஆயர் நிலைக்கு உயர்த்தும் யோசனை வந்தபோது மறுத்துவிட்டார். அவர் இறந்தபோது நாட்டில் சுமார் 70,000 கத்தோலிக்கர் இருந்ததாகத் திருச்சபை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. கண்டியில் அடக்கம் செய்யப்பட்ட அவரது கல்லறை பின்னாளில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. பெயரில்லாதவர்களோடு வாழ்ந்தவர் அவர்களைப் போலவே மண்ணுக்குள் போனார்.

சொல்லியாகவேண்டிய சில விடயங்கள்

இந்த வாழ்வை முழுக்க இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வாஸ் தலைமை தாங்கிய கோவாச் சபை பிராமணக் குருக்களின் சபை. கடல் கடந்து அவரோடு வந்து, அதே வயிற்றோட்டத்தில் கிடந்து, அதே கஞ்சியைக் குடித்த ஜோவான், வரலாறுகளில் விசுவாசமுள்ள பணியாள் என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகிறார். அவருக்குச் சிலை இல்லை, திருநாள் இல்லை. ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் தாழ்ந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். மற்றவருக்கு அது வேடமல்ல.

நம்முடைய திருச்சபை அந்த இடைவெளியைக் கடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வடக்கில் கத்தோலிக்கர் மத்தியில் சாதி ஆலய வாசலோடு நின்றுவிடவில்லை. கல்லறைவரை வந்த கதைகள் நம் வீடுகளிலேயே உண்டு. திருமுழுக்குத் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிக்கொண்டே, திருநாள் உபயத்தில் யார் பெயர் முதலில் வாசிக்கப்படவேண்டும் என்று சண்டை பிடிக்கிறோம். நான் தொகுத்த மலரும் அந்த வரிசையில்தான் இருந்தது.

யோசப் வாஸின் பெருமை இதையெல்லாம் அவர் தீர்த்துவைத்தார் என்பதில் இல்லை. தனக்குக் கிடைத்த உயரத்தை அவர் நம்பவில்லை என்பதில் இருக்கிறது. செருப்பைக் கழற்றியது தொடக்கம். அங்கியைக் கழற்றியது அடுத்தது. கடைசியில் தன் வேலையையே மூப்பரிடமும் அண்ணாவியிடமும் பகிர்ந்து கொடுத்தார். தான் இல்லாமலும் நடக்கும்படி வேலை செய்யும் தலைவர்கள், ஆலயத்திலும் வெளியிலும், இன்றும் குறைவு.

காலிமுகத்திடல்

1995 ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் யோசப் வாஸை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அன்று அம்மம்மா சில்லாலையில் இருந்தார். அதே ஆண்டின் கடைசியில் ஊரே வெறுமையானது. இருபது ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 14ஆம் திகதி, அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதலாவது புனிதர்.

முதல் நாள் இரவே அம்மம்மா ஒரு பாயும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் செய்திக்காகப் போயிருந்தேன். என் கவனமெல்லாம் முன்வரிசையில். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குச் செய்தி. திருப்பலி முடிந்தபின் கூட்டத்தில் அம்மம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் இருந்த, மொழி தெரியாத ஒரு சிங்களக் கிழவியோடு பாணைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் கண்டுபிடித்தாயா என்று என்னிடம் மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, கடவுளுக்குத் தெரியும் என்பதுபோலக் கையை மேலே காட்டினார்.

2019 ஏப்ரல் 21, யோசப் வாஸ் பிறந்து சரியாக 368 ஆண்டுகள். அன்று உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும், கட்டுவாப்பிட்டியவிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொச்சிக்கடையில் இறந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போன சாதாரண மனிதர்கள். தமிழரும் சிங்களவரும் இருந்தார்கள். அந்த வாரம் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. நாங்களும் எண்ணையே எழுதிக்கொண்டிருந்தோம். பெயர்களைப் பிறகுதான் தேடினோம். அம்மம்மா அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டார். அல்லது அவரும் அன்று அங்கே இருந்திருக்கலாம்.

கஞ்சி கொடுத்த பெண்ணின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. நான் வாசித்த எந்த வரலாற்றிலும் அவர் ஒரு பெண் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் அம்மம்மா கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி மட்டுமல்ல என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. பதினெட்டு ஆண்டுகள் துணி கழுவிய தன் பெயரையும் தன்னோடு கழுவிய மற்றப் பெண்களின் பெயரையும் அந்த மலரில் தேடினார், காணவில்லை. என்னைக் குற்றம் சொல்ல மனமில்லாமல் அப்படிக் கேட்டார்.

போன வருடம் அம்மாவோடு இருந்து ஒரு பட்டியல் எழுதினேன். பீடத் துணி கழுவியவர்கள், பூ வைத்தவர்கள், மணி அடித்தவர், சனிக்கிழமைகளில் கோவிலைக் கூட்டியவர்கள், இறந்த வீடுகளில் முதலில் போய் நின்று செபமாலை தொடங்குகிறவர்கள். அம்மாவின் ஞாபகத்திலிருந்தும் பக்கத்து வீடுகளில் கேட்டும் முப்பத்தியொரு பெயர்கள் சேர்ந்தன. பதினொரு பேர் இறந்துவிட்டார்கள். சிலர் கனடாவிலும் இலண்டனிலும். பட்டியலைத் தட்டச்சு செய்து, ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்தேன், அடுத்த மலருக்கு என்று. இன்னொன்றை என்னிடமுள்ள பழைய மலரின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலாவது பெயர் அம்மம்மாவுடையது. அவருக்கு மேலே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.